அக்கா, அக்கா புருஷன், மச்சினன், சிநேகிதன்: ஒரு சூப்பர்ஹீரோ அணிக்கு நடிகர்களைத் தேர்ந்தெடுப்பது

2024 பிப்ரவரி 14, காதலர் தினம். அன்று மார்வெல் நிறுவனம் ஒரு ஓவியத்தை வெளியிட்டது. அறுபதுகளின் பாணியில் ஒரு வரவேற்பறை, அதில் நான்கு பேர், கூடவே ஒரு குட்டி ரோபோ. பாறை உடம்புக்காரர் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருக்கிறார். யாரும் யாரையும் அடிக்கவில்லை, யாரும் வானத்தில் பறக்கவில்லை. 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' கதையை மறுபடி எடுக்கப்போகிறோம், நடிக்கப்போகிறவர்கள் இவர்கள்தான் என்பதற்கான அறிவிப்பு அது. பெட்ரோ பாஸ்கல், வனெஸ்ஸா கிர்பி, ஜோசப் குவின், எபன் மாஸ்-பக்ராக்.

சூப்பர்ஹீரோ பட அறிவிப்பு என்றால் கேப் பறக்கும், கட்டடம் இடியும். இங்கே ஒரு வீடு தெரிந்தது. ஒரு அணியைத் திரையில் எப்படிக் கட்டுகிறார்கள் என்று புதிதாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு அந்த ஓவியத்தைத்தான் முதலில் காட்டுவேன்.

அதற்கு முன் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். ரீபூட் என்பது கம்ப்யூட்டர்காரர்களிடமிருந்து சினிமாவுக்கு வந்த சொல். இயந்திரம் உறைந்து நின்றால் அணைத்துவிட்டு மறுபடி போடுகிறோமே, அதேதான். சீக்வல் என்றால் முந்தைய படத்தில் நடந்ததெல்லாம் நடந்ததுதான், அங்கிருந்து கதை நகரும். ரீமேக் என்றால் அதே கதையை வேறு ஆட்களை வைத்துத் திரும்பச் சொல்வது. ரீபூட்டில் பாத்திரங்களின் பெயரும் அடிப்படைக் குணமும் தங்கும். முந்தைய படங்களில் நடந்தவை செல்லாது. நடிகர்கள், காலம், உலகம் எல்லாம் புதிது.

ஒற்றை நாயகனின் கதையை ரீபூட் செய்வது ஓரளவு எளிது, ஒரு நல்ல நடிகர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அணியைப் பொறுத்தவரை அது பொருந்தாது. நான்கு நல்ல நடிகர்களைத் தனித்தனியாகப் பிடித்துவிடலாம். ஆனால் படத்தைத் தாங்குவது அந்த நால்வருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி. எனக்குத் தெரிந்து இதை ஃபென்டாஸ்டிக் ஃபோர் அளவுக்குத் தெளிவாகக் காட்டும் உதாரணம் வேறில்லை, ஏனென்றால் ஒரே குடும்பத்தை நான்கு முறை நான்கு வெவ்வேறு நடிகர் கூட்டங்களை வைத்து எடுத்திருக்கிறார்கள்.

கதையின் வேர் 1961-இல் இருக்கிறது. ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் உருவாக்கிய காமிக்ஸ், முதல் இதழின் அட்டையில் 1961 நவம்பர் என்று இருக்கும். விஞ்ஞானி ரீட் ரிச்சர்ட்ஸ் ராக்கெட்டில் விண்வெளிக்குப் போகிறார். அவர் மணக்கப்போகும் சூ ஸ்டார்ம், சூவின் தம்பி ஜானி, ரீட்டின் கல்லூரித் தோழனும் விமானியுமான பென் கிரிம் ஆகியோர் உடன் போகிறார்கள். அண்டக் கதிர்கள் உடம்பில் பாய்கின்றன. திரும்பி வரும்போது ரீட்டின் உடல் ரப்பர்போல நீள்கிறது, சூ மறைந்துபோகிறார், ஜானி தீப்பற்றி எரிகிறான், பென் பாறையாகிவிடுகிறார்.

இந்த நால்வரின் உறவை ஆங்கிலத்தில் 'ஃபேமிலி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். தமிழில் யோசித்தால் கதையின் எலும்புக்கூடே வெளியே வந்துவிடுகிறது. ரீட் ஜானிக்கு அக்கா புருஷன், ஜானி ரீட்டுக்கு மச்சினன். ரீட்டுக்கும் சூவுக்கும் பின்னால் பிராங்க்ளின் என்ற மகன் பிறக்கிறான், 1968-இல் வந்த ஆண்டு மலரில். அந்தக் குழந்தைக்கு ஜானி தாய்மாமன். நம் ஊராக இருந்தால் ஜானியின் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். பென் ரத்த சம்பந்தம் இல்லாதவர், ஆனால் வீட்டில் ஒருவர். அப்பாவின் நண்பரைப் பெரியப்பா என்று கூப்பிட்டு வளர்ந்த யாருக்கும் பென் யாரென்று விளக்க வேண்டியதில்லை.

நடிகர் தேர்வில், அதாவது காஸ்டிங்கில், இவ்வளவும் கணக்கில் வர வேண்டும். சூ பெற்றோர் இல்லாத தம்பியை வளர்த்தவர், அதனால் அக்காவாக நடிப்பவரின் முகத்தில் பாதித் தாய் தெரிய வேண்டும். மச்சினன் சீண்டினால் சிரித்தபடி விட்டுவிடுபவராக ரீட் இருக்க வேண்டும், அதே சமயம் தன் வேலைக்குள் மூழ்கிவிட்டால் யார் கூப்பிட்டாலும் காதில் விழாதவராகவும். பென்னுக்கு ரீட்மீது பாசமும் உண்டு, கோபமும் உண்டு. முதல் இதழிலேயே, கதிர்கள் ஆபத்து, போக வேண்டாம் என்று எச்சரித்தவர் பென்தான். சூ அவரைக் கோழை என்ற பொருள்படப் பேசியதால் ரோஷப்பட்டு ஏறினார். கடைசியில் மனித உருவத்தை இழந்தது அவர் மட்டும். மற்ற மூவரும் நினைத்தால் சாதாரண மனிதர்களாகத் தெருவில் நடக்கலாம். அந்தக் கடன் ரீட்டின் தோளிலும் சூவின் தோளிலும் எப்போதும் இருக்கிறது. அந்தக் கனம் இல்லாமல் இந்த அணியை எடுத்தால் மிஞ்சுவது வித்தை காட்டும் நான்கு பேர்தான்.

சக்திகளும் சும்மா ஒதுக்கப்பட்டவை அல்ல. எல்லாவற்றுக்கும் வளைந்து கொடுத்து, எல்லா மூலைக்கும் நீண்டு போகும் மூளை ரீட்டுக்கு. அறையில் இருந்தும் கண்ணில் படாமல் போகிற பெண்ணின் நிலை சூவுக்கு. தொடக்கத்தில் அவர் பெயரே 'இன்விசிபிள் கேர்ள்'. பாதுகாப்புக் கவசம் எழுப்பும் சக்தி சில ஆண்டுகள் கழித்துத்தான் சேர்ந்தது, 'கேர்ள்' என்பது 'வுமன்' ஆனது 1985-இல். ஜானி சூடான ரத்தம். பென், வெளியே கல், உள்ளே அப்படியில்லை. நிலம், நீர், தீ, காற்று என்று பூதங்களோடு பொருத்திப் பார்ப்பவர்களும் உண்டு, அதுவும் நன்றாகவே பொருந்துகிறது. ஆக, நடிகர் தன் குணத்தைச் சரியாகப் பிடித்துவிட்டால் கிராபிக்ஸ் அவர் நடிப்பின் தொடர்ச்சிபோல வரும். குணம் பிடிபடாவிட்டால் எவ்வளவு செலவு செய்தாலும் அந்தச் சக்தி ஒட்டவைத்ததுபோல நிற்கும்.

முதல் முயற்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு ஜெர்மன் தயாரிப்பாளர் எண்பதுகளில் படமாக்கும் உரிமையை வாங்கி வைத்திருந்தார். 1992 முடிவதற்குள் படப்பிடிப்பைத் தொடங்காவிட்டால் உரிமை கைவிட்டுப் போய்விடும். அவசரமாக, குறைந்த செலவில் படம் எடுப்பதற்குப் பேர்போன ராஜர் கார்மனோடு சேர்ந்து, சுமார் 10 லட்சம் டாலரில் ஒரு படத்தை முடித்தார்கள். அது தியேட்டருக்கு வரவேயில்லை. ரீபூட் என்பது எப்போதும் கலை ஆசையால் மட்டும் பிறப்பதில்லை, காகிதத்தில் இருக்கும் ஒரு கெடுவாலும் பிறக்கும் என்பதைத் தெரிந்துகொள்ள இது உதவும். அந்த நான்கு நடிகர்களும் மனதார உழைத்திருந்தார்கள். 2025 படத்தில் அவர்களைச் சிறு வேடங்களில் தலைகாட்ட வைத்தார்கள், எனக்கு அது மிகவும் பிடித்தது.

2005 படத்தை டிம் ஸ்டோரி இயக்கினார். ரீட், சூ, ஜானி, பென் என்ற வரிசையில் இயோன் கிரபட், ஜெசிகா ஆல்பா, கிறிஸ் எவன்ஸ், மைக்கேல் சிக்லிஸ். இதைப் பலர் லேசான படம் என்று ஒதுக்குவார்கள், நான் ஒதுக்க மாட்டேன். அதில் ஒரு காட்சி உண்டு. புரூக்ளின் பாலத்தில் பெரிய விபத்து. பாறையாகிவிட்ட பென் ஆட்களைக் காப்பாற்றுகிறார், கூட்டம் கைதட்டுகிறது. அந்தக் கூட்டத்துக்குள் அவருக்கு நிச்சயமான பெண் நிற்கிறாள். அவரைப் பார்க்கிறாள், மோதிரத்தைக் கழற்றுகிறாள், தரையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். பென் குனிந்து அதை எடுக்கப் பார்க்கிறார். அந்தத் தடித்த கல் விரல்களுக்குள் மோதிரம் சிக்கவில்லை. மறுபடி முயல்கிறார். லாரியைத் தடுத்து நிறுத்திய கையால் ஒரு மோதிரத்தை எடுக்க முடியவில்லை. ரீட் வந்து எடுத்து அவர் உள்ளங்கையில் வைக்கிறார்.

பென் என்ற பாத்திரம் முழுவதும் அந்தச் சில நொடிகளில் இருக்கிறது. சிக்லிஸ் கனமான லேடெக்ஸ் ரப்பர் உடைக்குள் இருந்துகொண்டே நடித்தார், முகம் முழுதும் மூடியிருக்கும், கண்கள்தான் மிச்சம். அந்தக் கண்கள் போதுமாக இருந்தன. கூட நடிப்பவர்களுக்கும் ஒரு வசதி, அவர்கள் எதிரே உண்மையிலேயே ஒரு பெரிய உருவம் நிற்கிறது, தொட்டால் கைக்குத் தட்டுப்படுகிறது. ஜானி தூங்கும் பென்னின் கையில் ஷேவிங் க்ரீமை வைத்து, மூக்கைக் கிச்சுக்கிச்சு மூட்டி, தன் முகத்தில் தானே அறைந்துகொள்ள வைக்கும் குறும்பு இன்றும் நினைவில் நிற்கிறது. வீட்டுக்குள் நடக்கும் வம்பு அது.

சறுக்கியது எங்கே? அக்கா தம்பியில். ஜெசிகா ஆல்பா 1981 ஏப்ரலில் பிறந்தவர், கிறிஸ் எவன்ஸ் அதே ஆண்டு ஜூனில். தம்பியை வளர்த்து ஆளாக்கியவர் என்று அந்த அக்காவை நம்புவது கடினம். கல்லூரித் தோழர்களான ரீட்டுக்கும் பென்னுக்கும் நடுவே நடிகர்களின் வயதில் பத்து ஆண்டு வித்தியாசம். வயது சரியாக இருந்தே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை, நல்ல நடிப்பு அதை மறக்கடிக்கும். ஆனால் சூவுக்கு அந்த நடிப்புக்கான இடத்தையே கொடுக்கவில்லை. 2007-இல் வந்த இரண்டாம் பாகத்தின் அனுபவத்தை ஆல்பா பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். அழும் காட்சியில், வலி ரொம்ப நிஜமாகத் தெரிகிறது, இன்னும் அழகாக அழ முடியுமா என்று கேட்டார்களாம். நடிப்பையே விட்டுவிடலாமா என்று யோசிக்க வைத்தது அது என்றார். இதைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. மறைந்துபோகும் சக்தி கொண்ட பெண்ணின் வலியையே மறைக்கச் சொல்லிவிட்டார்கள்.

2015-க்கு வருவோம். இயக்குநர் ஜோஷ் ட்ராங்க். அதே வரிசையில் மைல்ஸ் டெல்லர், கேட் மாரா, மைக்கேல் பி. ஜோர்டன், ஜேமி பெல். பட்டியலைப் பார்த்தால் நான்கு பேருமே திறமைசாலிகள், இதில் ஒருவரைக்கூடக் குறை சொல்ல முடியாது. ஜானி பாத்திரத்துக்குக் கறுப்பின நடிகரான ஜோர்டனைத் தேர்ந்தெடுத்தது பெரிய சர்ச்சையானது. படம் வருவதற்கு முன்பே அவர்மீது இனவெறி வசைகள் பொழிந்தன, அதற்கு அவர் ஒரு கட்டுரை எழுதி நிதானமாகப் பதில் சொன்னார். படம் தோற்றபின், பார்த்தீர்களா, காஸ்டிங்கை மாற்றியதால்தான் என்றார்கள் சிலர். அது தவறான கணக்கு. அந்தப் படத்தில் சூ தத்துப் பிள்ளை, கொசோவோவிலிருந்து வந்தவர். ஜானி அந்த வீட்டில் பிறந்த மகன். இருவரையும் வளர்த்த அப்பாவாக ரெக் இ. கேத்தி அருமையாக நடித்திருந்தார். தத்தெடுத்த மகளிடம் அப்பா மனம் நிறைந்து பேசுவதைப் பெற்ற மகன் ஓரமாக நின்று பார்க்கும் நிலை எவ்வளவு வளமான விதை! தண்ணீர்தான் ஊற்றவில்லை. அக்காவும் தம்பியும் மனம்விட்டுப் பேசுகிற காட்சிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பெரிய பிழை கதையின் அமைப்பில் இருக்கிறது. வேறொரு பரிமாணத்துக்குப் போகும் அந்த முதல் பயணத்தில் சூ இல்லை. குடித்துவிட்டு ஆண்கள் மட்டும் முடிவெடுத்துக் கிளம்புகிறார்கள், ரீட் நள்ளிரவில் பென்னைப் போனில் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்கிறார். சூ ஆய்வகத்தில் இருந்து அவர்களைத் திரும்பக் கொண்டுவரும்போது ஏற்படும் வெடிப்பில் பாதிக்கப்படுகிறார். சேர்ந்து போனோம், சேர்ந்து மாறினோம் என்ற அடித்தளமே போய்விட்டது. அதற்குப் பிறகு ரீட் தப்பி ஓடிவிடுகிறார், ஒரு வருடம் கடக்கிறது. நால்வரும் ஒரே சட்டகத்துக்குள் அணியாக நிற்பது கிட்டத்தட்ட கடைசிச் சண்டையில்தான். அதுவரை பழகாதவர்கள் திடீரென்று ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுக்கும்போது நமக்கு ஒன்றும் ஆவதில்லை. பிறகு எடுத்த காட்சிகளையே மாற்றி எடுக்கும் ரீஷூட்டுகள் வேறு. அந்தக் காட்சிகளில் கேட் மாரா விக் வைத்து நடித்தார், அது விக் என்பது கண்ணுக்கே தெரியும். ஒரு வாக்கியத்தில் ஒரு முடி, அடுத்த வாக்கியத்தில் வேறு முடி என்றால் பார்வையாளர் உறவை எங்கே தேடுவார்?

அந்த நடிகர்களிடம் குறையில்லை என்பதற்கு ஜோர்டனே சாட்சி. மூன்று ஆண்டுகளில் 'பிளாக் பேந்தர்' படத்தில் வில்லன் கில்மாங்கராக வந்து எல்லோர் வாயையும் அடைத்தார். 2005-இன் ஜானி கிறிஸ் எவன்ஸும் அப்படியே, 2011-இல் கேப்டன் அமெரிக்கா ஆனார். அணிப் படம் சறுக்கினால் பழியை உடனே நடிகர் தலையில் போடாதீர்கள் என்பதை இந்த இருவரை நினைத்துத்தான் சொல்கிறேன்.

2019-இல் மார்வெலின் தாய் நிறுவனமான டிஸ்னி, 2005, 2015 படங்களை எடுத்த பாக்ஸ் நிறுவனத்தை வாங்கியபோது இந்தக் குடும்பம் மார்வெல் வீட்டுக்கே திரும்பியது. 2025 ஜூலையில் வந்த 'ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்' படத்தை மாட் ஷாக்மன் இயக்கினார். பழைய அமெரிக்கக் குடும்ப டிவி தொடர்களின் பாணியில் 'வாண்டாவிஷன்' எடுத்தவர் அவர், ஒரு வீட்டுக்குள் நான்கு பேரை எப்படி உட்கார வைப்பது என்று தெரிந்தவர். கதையைக் காமிக்ஸ் பிறந்த அறுபதுகளிலேயே வைத்தார், அதுவும் பறக்கும் கார்கள் உள்ள வேறொரு பூமியில்.

அவர் செய்த முதல் நல்ல காரியம், விபத்துக் கதையைச் சில நிமிடங்களில் முடித்ததுதான். ஒரு டிவி நிகழ்ச்சியின் தொகுப்பாக அதைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். 2005 படமும் 2015 படமும் நால்வர் சக்தி பெறுவதைச் சொல்லவே நேரத்தைக் கரைத்தன. இங்கே நால்வரும் ஏற்கெனவே நான்கு வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள். படம் தொடங்கும்போது ரீட் குளியலறை அலமாரியில் அயோடின் தேடிக்கொண்டிருக்கிறார். சூ கர்ப்பச் சோதனையின் முடிவைக் காட்டுகிறார். நீண்ட காத்திருப்புக்குப் பிறகு வந்த நல்ல செய்தி. இப்போதைக்கு யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று பேசி வைத்துக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு நால்வரும் சேர்வது அந்த வீட்டு வழக்கம். பென்னுக்குப் பார்த்த மாத்திரத்தில் விஷயம் புரிந்துவிடுகிறது.

சூப்பர்ஹீரோ சக்தி எதுவும் அங்கே வேலை செய்யவில்லை. பல வருடம் ஒரே மேசையில் சாப்பிட்ட நண்பனின் கண் அது. காஸ்டிங்காரர்கள் இரண்டு மூன்று பேரைச் சேர்த்து நிறுத்தி வசனம் பேச வைத்துப் பார்ப்பார்கள், 'கெமிஸ்ட்ரி' இருக்கிறதா என்று. சண்டைக் காட்சிக்கு அந்தச் சோதனை தேவையில்லை. இந்தச் சாப்பாட்டு மேசைக்குத்தான் தேவை. வயதுகளையும் பாருங்கள். ரீட்டாக வரும் பாஸ்கல் பிறந்தது 1975, பென்னாக வரும் மாஸ்-பக்ராக் 1977, கல்லூரித் தோழர்களாக நம்பலாம். சூவாக வரும் வனெஸ்ஸா கிர்பி 1988, ஜானியாக வரும் குவின் 1994, அக்கா தம்பி என்றால் கண்ணை உறுத்தாது.

பென்னைப் படைத்த விதம் தனியாகச் சொல்லத் தக்கது. இந்த முறை லேடெக்ஸ் உடை இல்லை, நடிகரின் அசைவுகளைப் பதிவுசெய்து கணினியில் உருவம் கொடுத்தார்கள். அப்படிச் செய்தால் உருவம் மிதப்பதுபோல, வெளிச்சம் ஒட்டாததுபோலத் தோன்றும் அபாயம் உண்டு. அதற்காகப் படக்குழு பாலைவனத்தில் பென்னின் தோலைப்போன்ற ஒரு நிஜப் பாறையைத் தேடிப் பிடித்தது. பென் வரும் இடங்களிலெல்லாம் அந்தப் பாறையையும் அதே வெளிச்சத்தில் வைத்துப் படமெடுத்துக்கொண்டார்கள், கல்மேல் வெயில் எப்படி விழும் என்று கிராபிக்ஸ் கலைஞர்கள் பார்த்து வரைவதற்காக. இவ்வளவு மெனக்கெடலும் பென் தான் வளர்ந்த யான்சி தெருவுக்குப் போய்ப் பிள்ளைகளோடு விளையாடும் காட்சியில் பலிக்கிறது. தன்னை வைத்து எடுத்த கார்ட்டூனில் வரும் பஞ்ச் வசனத்தைச் சொல்லச் சொல்லி எல்லோரும் கேட்கிறார்கள், அவர் கூச்சப்பட்டு மறுக்கிறார். அந்தக் கூச்சம் கல் முகத்தில் தெரிகிறது. ஜாக் கிர்பி தன்னையே மனதில் வைத்துப் படைத்த யூதப் பாத்திரம் பென். மாஸ்-பக்ராக்கும் யூதர். பென் ஜெப ஆலயத்துக்குப் போகும் ஒரு சிறிய காட்சிகூட உண்டு.

ஜானியையும் மாற்றினார்கள். 2005-இல் பெண்களைத் துரத்தும் விளையாட்டுப் பிள்ளை. இங்கே 'சில்வர் சர்ஃபர்' என்ற வெள்ளியுடல் பெண்ணாக வரும் ஜூலியா கார்னரின் பின்னால் அவன் மனம் போனாலும், அவள் பேசும் மொழியை உட்கார்ந்து கேட்டுக் கேட்டுப் புரிந்துகொள்கிறான். காமிக்ஸில் பெரும்பாலும் ஆணாக வரும் அந்தப் பாத்திரத்துக்குப் பெண் நடிகரா என்று முன்பே எதிர்ப்பு எழுந்தது. காமிக்ஸில் ஷல்லா-பால் என்ற பெண் ஏற்கெனவே இருக்கிறாள் என்பதை அந்தக் கோபக்காரர்கள் கவனிக்கவில்லை.

எனக்குக் குறையாகப் பட்டது ரீட். பாஸ்கல் கவலையை நன்றாகக் காட்டினார், ஆனால் அவர் நீள்கிற காட்சிகள் மிகக் குறைவு. நீளும் உடம்பைத் திரையில் நம்ப வைப்பது நால்வரின் சக்தியிலும் கடினமானது, வேடிக்கையாகத் தெரிந்துவிடும். அதற்குப் பயந்து ஒதுக்கினால் பாத்திரத்தில் பாதி போகிறது. வளைந்து கொடுப்பவன் வளைவதை நாம் பார்க்க வேண்டாமா?

சூவுக்கு இந்த முறைதான் நியாயம் கிடைத்தது. குழந்தையைக் கேட்டு ஒரு பிரம்மாண்டமான எதிரி வருகிறான். குழந்தையைக் கொடுத்துவிட்டால் பூமி பிழைக்கும் என்று ஊரே முணுமுணுக்கிறது. சூ கைக்குழந்தையோடு வெளியே வந்து அந்தக் கூட்டத்தின் முன் நின்று பேசுகிறார். மறையும் சக்தி உள்ளவர் எல்லோரும் பார்க்கும்படி நிற்கிறார். அவர் அழும்போது, பிரசவ வேதனைப்படும்போது, யாரும் அவரை அழகாக அழச் சொல்லவில்லை என்பது வனெஸ்ஸா கிர்பியின் முகத்தில் தெரிகிறது.

அணியாகச் சண்டை போடுவதோடு படம் முடிவதில்லை. டிவி நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டது, குழந்தையின் இருக்கையைப் பறக்கும் காரில் பொருத்த வேண்டும். பிரபஞ்சத்தையே கணக்குப் போட்ட மூளை, நெருப்பாகும் தாய்மாமன், மலையைப் பெயர்க்கும் சிநேகிதன் எல்லோரும் அந்த ஒரு பெல்ட்டோடு மல்லுக்கட்டுகிறார்கள். ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். அது சரியாக மாட்டவில்லை.